பழைய மோட்டார்ஹோமில் இன்வெர்ட்டர் மாற்றம்: 2000 வாட்டே போதுமா, 3000 வேண்டுமா?

வழிப்போக்கன்:
அமெரிக்காவில் ஓடும் 1999 மாடல் டீசல் புஷர் (பின்பக்கம் டீசல் இன்ஜின் வைத்த மோட்டார்ஹோம்), 36 அடி, 50 ஆம்ப் இணைப்பு. உள்ளே வண்டியோடு வந்த ஹார்ட் இன்டர்ஃபேஸ் ஃப்ரீடம் 20 இன்வெர்ட்டர் (பேட்டரியின் டிசியை 120 வோல்ட் ஏசியாக மாற்றும் பெட்டி) இருக்கிறது: 2000 வாட், மாடிஃபைட் சைன் வேவ் (படிப்படியாக ஏறி இறங்கும் அலை), கூடவே 100 ஆம்ப் சார்ஜர். பேட்டரி 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் வகை லெட்-ஆசிட் நான்கு, மொத்தம் 12 வோல்ட்டில் 440 ஆம்பியர்-அவர். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் பத்தடி, கேபிள் தடிமன் 2/0. கேஸ் ஃப்ரிட்ஜை எடுத்துவிட்டு வீட்டு ஃப்ரிட்ஜ் வைக்கப் போகிறோம். 3000 வாட் ப்யூர் சைன் (வீட்டு மின்சாரம் போல வழவழப்பான அலை) வாங்கி அதே கேபிளில் மாட்டலாமா?

பனங்காடு:
3000 எதற்கு? கணக்கைப் பாருங்கள். மைக்ரோவேவ் 1500 வாட் இழுக்கும், அதுவும் பத்து நிமிடம். காபி மெஷின் 900 முதல் 1200 வரை. ஃப்ரிட்ஜ் ஓடும்போது 100, 150 வாட், கிளம்பும்போது மட்டும் ஒரு எகிறல். மைக்ரோவேவையும் காபி மெஷினையும் ஒரே நேரத்தில் போடாமல் இருந்தால் 2000 தாராளம். மேற்கூரை ஏசியை பேட்டரியில் ஓட்டுவதாக நீங்கள் சொல்லவில்லை.

12 வோல்ட்டில் 2000 வாட் எடுக்க, திறன் 88 சதவீதம் என்று வைத்தால், சுமார் 190 ஆம்ப். உங்கள் 2/0 கேபிள் போக வர இருபது அடிக்கு 0.0016 ஓம். இழப்பு 0.3 வோல்ட். தாங்கும். 3000 என்றால் 284 ஆம்ப், இழப்பு 0.45 வோல்ட். பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் 310 ஆம்ப். அப்போது இன்னும் தடிமனான 4/0 கேபிள், புது லக் (கேபிள் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை), புது ஃப்யூஸ், புது ஸ்விட்ச் என்று செலவு வால் பிடித்துக்கொண்டே வரும்.

2000 வாட் ப்யூர் சைன், சார்ஜரும், வெளி மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் மாற்றிவிடும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்சும் உள்ளேயே இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகளில் இரண்டுமே இருக்காது. ஃப்ரீடமைக் கழற்றும்போது சார்ஜரையும் சேர்த்துத்தான் கழற்றுகிறோம் என்பது பலருக்கு மாட்டி முடித்த பிறகுதான் தெரிகிறது.

லித்தியம் லோகு:
பனங்காடு சார், நீங்கள் வாட் கணக்குப் போட்டீர்கள், ஒரு நாள் கணக்கை விட்டுவிட்டீர்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் நாளுக்கு 1.5 கிலோவாட்-அவர் என்று வையுங்கள். இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 140 ஆம்பியர்-அவர் போகும். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்க 20 வாட், அது இன்னொரு 40. ஆக 180. லெட்-ஆசிட் 440-இல் பாதிதான் எடுக்கலாம், அதாவது 220. மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஒரு நாள் நின்றால் விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் மிச்சம் 40.

ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளலாம் என்பீர்கள். 50 சதவீதத்திலிருந்து 80 வரை 100 ஆம்ப் சார்ஜர் ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். கடைசி 20 சதவீதத்துக்கு மேலும் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. யாரும் அதுவரை ஜெனரேட்டரை ஓட்டுவதில்லை. தினமும் 80-இல் நிறுத்தினால் தட்டில் சல்ஃபேட் படிந்து இரண்டே சீசனில் பேட்டரி காலி.

என் யோசனை: லித்தியம் இரும்பு பாஸ்பேட் 100 ஆம்பியர்-அவர் நான்கு, விக்ட்ரான் மல்டிபிளஸ் 12/3000/120 இன்வெர்ட்டர்-சார்ஜர். பவர் அசிஸ்ட் ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். உறவினர் வீட்டு வாசலில் 15 ஆம்ப் பாயின்ட்தான் இருக்கிறது என்றால், உள்வரும் மின்சாரத்துக்கு 12 ஆம்ப் வரம்பு வைத்துவிட்டால் போதும். மைக்ரோவேவ் போடும்போது குறையும் மின்சாரத்தை பேட்டரியிலிருந்து சேர்த்துக் கொடுக்கும், வீட்டு பிரேக்கர் விழாது. ஃப்ரீடம் 20-க்கு இது வராது.

பனங்காடு:
அந்த மல்டிபிளஸின் 3000 என்பது விஏ (வோல்ட் பெருக்கல் ஆம்ப்), உண்மையில் கிடைக்கும் வாட் அல்ல. 25 டிகிரியில் 2400 வாட், 40 டிகிரியில் 2200 என்று அதன் விவரத்தாளிலேயே இருக்கிறது. ஜூலையில் அரிசோனாவில் வண்டியின் அடிப்பெட்டி 40-ஐத் தாண்டும். ஆக நீங்கள் விற்கும் 3000-க்கும் நான் சொல்லும் 2000-க்கும் வித்தியாசம் 200 வாட்தான்!

ஆல்டர்னேட்டரை மறந்துவிட்டீர்கள். பழைய டீசல் புஷரில் 160 ஆம்ப் ஆல்டர்னேட்டர், ஐசோலேட்டர் ரிலே (இன்ஜின் ஓடும்போது இணைக்கும் ஸ்விட்ச்) வழியாக, இன்வெர்ட்டரை ஓட்டும் இந்த பேட்டரிக்குப் போகும். லெட்-ஆசிட் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எடுக்கும். லித்தியம் 90 சதவீதம் வரை முழு வேகத்தில் இழுக்கும். டிராஃபிக்கில் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது விசிறி மெதுவாகச் சுற்றும், ஆல்டர்னேட்டர் சூடேறி டயோடு போகும். குளிரில் வேறு பிரச்சினை: பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது.

லித்தியம் லோகு:
விஏ விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் 2000-மும் பல தயாரிப்புகளில் விஏதான், அது 1600 வாட் ஆகிவிடும். மைக்ரோவேவ் ஓடும்போது ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பினால் விளிம்புக்கு வந்துவிடும். எந்த பிராண்டானாலும் விவரத்தாளில் 40 டிகிரி வாட் என்ன என்று பாருங்கள், அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள்.

ஆல்டர்னேட்டருக்கு வழி இருக்கிறது: ஐசோலேட்டரைத் துண்டித்துவிட்டு, இழுக்கும் ஆம்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் 30 ஆம்ப் ஒன்றோ இரண்டோ. குளிருக்கு உள்ளே ஹீட்டர் வைத்த பேட்டரி, அல்லது வெப்பம் பார்த்து சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை).

செப்புக்கம்பி:
இருவரும் வாட்டிலும் பேட்டரியிலும் நிற்கிறீர்கள். பழைய வண்டியில் இன்வெர்ட்டர் மாற்றும்போது தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் 120 வோல்ட் பக்கத்து நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வெள்ளைக் கம்பி).

ஃப்ரீடம் 20-க்கு மெயின் பேனலில் 30 ஆம்ப் பிரேக்கரிலிருந்து லைன் போகும், வெளியே வருவது ஒரு சின்ன சப்-பேனலுக்கு. அந்த சப்-பேனல் நியூட்ரல்கள் தனி பாரில் (கம்பிகளை முறுக்கும் உலோகப் பட்டை) இருக்க வேண்டும். மெயின் பேனல் நியூட்ரலோடும் சேரக்கூடாது, கிரவுண்டோடும் சேரக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலையும் கிரவுண்டையும் அதன் உள்ளிருக்கும் ரிலேயே இணைக்கும், வெளி மின்சாரம் வந்ததும் பிரிக்கும். வண்டிக்குள் வேறெங்காவது அவை சேர்ந்திருந்தால் கேம்ப்கிரவுண்டில் செருகிய உடனே ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு) விழும். பழைய வண்டியில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காலத்தில் ஒரு அவுட்லெட் சேர்த்து, அதன் வெள்ளைக் கம்பியை கைக்கு எட்டிய பாரில் முறுக்கியிருப்பார்.

சோதனை இப்படி: வெளி மின்சாரம், ஜெனரேட்டர் எல்லாம் துண்டித்து, பேட்டரியையும் கழற்றி, இன்வெர்ட்டரின் வெளியீட்டுக் கம்பிகளை எடுத்துவிடுங்கள். சப்-பேனல் நியூட்ரல் பாருக்கும் கிரவுண்டுக்கும் மீட்டர் வையுங்கள், தொடர்பு இருக்கக் கூடாது. அதே பாருக்கும் மெயின் பேனல் நியூட்ரலுக்கும் வையுங்கள், அங்கும் இருக்கக் கூடாது.

இன்னொன்று 50 ஆம்ப் வண்டிகளுக்கே உரியது. இரண்டு சர்க்யூட் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தால், அவை இரண்டு வேறு லெக்கில் (50 ஆம்ப் இணைப்பில் வரும் இரண்டு 120 வோல்ட் லைன்கள்) இருக்கும்வரை நியூட்ரலில் போவது அவற்றின் வித்தியாசம் மட்டுமே. இரண்டையும் ஒரே லெக் இன்வெர்ட்டரில் போட்டால் கூட்டுத்தொகை போகும். 20 ஆம்புக்கான கம்பியில் 30 ஆம்ப் வரை போகலாம், எந்த பிரேக்கரும் விழாது. கம்பி மட்டும் சுவருக்குள் வெந்துகொண்டிருக்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன்: பழைய கன்வெர்ட்டரோ (120 வோல்ட்டிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி), தண்ணீர் ஹீட்டரின் 1440 வாட் காயிலோ சப்-பேனலில் தொங்குகிறதா பாருங்கள். கன்வெர்ட்டர் அங்கே இருந்தால் பேட்டரி இன்வெர்ட்டர் வழியாகத் தன்னைத்தானே சார்ஜ் செய்துகொள்ள முயன்று தீர்ந்துபோகும்.

வழிப்போக்கன்:
செப்புக்கம்பி அண்ணா, நியூட்ரல் சோதனை சுத்தமாக வந்தது. ஃப்யூஸ் பற்றிச் சொல்லுங்கள். இப்போது இருப்பது ஏஎன்எல் வகை. ஓர் அளவும் எடுத்தேன்: மைக்ரோவேவ் ஓடும்போது டிசி கிளாம்ப் மீட்டரில் 140 ஆம்ப். பேட்டரி முனையில் 12.3 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.6. இது சரியா?

செப்புக்கம்பி:
சரியில்லை. 140 ஆம்புக்கு 2/0 கேபிள் 0.22 வோல்ட் சாப்பிடலாம். உங்களுடையது 0.7. மிச்சம் 0.48 எங்கோ ஒரு மூட்டில் உட்கார்ந்திருக்கிறது: 0.48 பெருக்கல் 140, சுமார் 67 வாட் சூடு. பழைய பல்பு ஒன்று லக்குக்குள் எரிகிற மாதிரி. இந்த நிலையில் புது இன்வெர்ட்டர் வைத்தால் அது லோ-வோல்டேஜ் என்று அணைந்துகொண்டே இருக்கும், நீங்கள் இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மைக்ரோவேவை ஓடவிட்டு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு மூட்டாகத் தாண்டிப் பாருங்கள். ஒரு முனை பேட்டரிக் கம்பத்தின் ஈயத்தில், மறுமுனை லக்கில். பிறகு லக்கிலிருந்து கேபிள் செம்புக்கு, ஃப்யூஸின் இரு பக்கம், ஸ்விட்சின் இரு பக்கம், அப்புறம் நெகட்டிவ் பக்கமும் அதே மாதிரி. நல்ல மூட்டில் சில மில்லிவோல்ட்தான் வரும். 100-க்கு மேல் எங்கே வருகிறதோ அதுதான் குற்றவாளி. லக் ஓரத்தில் காப்பை அரை அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்துப் பச்சை படிந்திருந்தால் அந்தக் கேபிளைச் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஃப்யூஸுக்கு வந்தால், லெட்-ஆசிட்டில் ஏஎன்எல் ஓடும். லித்தியம் போட்டால் கிளாஸ் டி (ஆங்கில T) வகை ஃப்யூஸ் கட்டாயம். ஷார்ட் ஆனால் லித்தியம் பேங்க் பல ஆயிரம் ஆம்ப் தள்ளும். ஏஎன்எல் வெட்டும் திறன் சுமார் 6000 ஆம்ப், அதைத் தாண்டினால் ஃப்யூஸ் உருகியும் உள்ளே பொறி அணையாமல் தொடரும். கிளாஸ் டி 20,000 ஆம்ப் வரை வெட்டும். 2/0-க்கு 250 ஆம்ப், 4/0-க்கு 400. பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் வையுங்கள், அதைவிடக் கிட்டே வைத்தால் இன்னும் நல்லது.

வழிப்போக்கன்:
பாசிட்டிவ் பக்க டிஸ்கனெக்ட் ஸ்விட்சில் மட்டும் 290 மில்லிவோல்ட். நெகட்டிவ் லக் ஒன்றில் 160. மற்றதெல்லாம் பத்துக்குள்.

பனங்காடு:
பார்த்தீர்களா, ஸ்விட்சையும் ஒரு லக்கையும் மாற்றினால் பழைய கேபிளே போதும். கோல்ஃப் கார்ட் பேட்டரியும் நன்றாக இருக்கிறதென்றால் 2000 வாட் ப்யூர் சைனோடு நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜுக்குக் கூரையில் 400 வாட் சோலார் போட்டால் லோகு சொன்ன கடைசி 20 சதவீதத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

லித்தியம் லோகு:
குளிர்காலத்தில், மர நிழலில், அந்த 400 வாட்டிலிருந்து என்ன வரும் என்பதையும் எழுதுங்கள். எப்படியும் இரண்டு வருடத்தில் பேட்டரி மாற்றத்தான் போகிறார். அன்றைக்கு மறுபடி கேபிளைக் கழற்றுவதைவிட இப்போதே 4/0 இழுத்துவிடுவது மேல். இன்வெர்ட்டர் 2000-ஆகவே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை.

பனங்காடு:
4/0 பெரிய கேபிள், அந்த அடிப்பெட்டியில் வளையாது. 3000-க்குப் போகும் நாளில் 2/0 இரண்டு ஜோடியாகப் போடலாம், இருப்பதும் வீணாகாது. இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்புக்கம்பி:
ஜோடியாகப் போடுவது சரிதான். லக் மாட்டும்போது ஒன்று பாருங்கள்: லக்கின் முகம் நேராக முனையின் முகத்தில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே, கடைசியில் நட். வாஷரை அடியில் போட்டால் மின்சாரம் முழுவதும் அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வழியாகப் போக வேண்டியிருக்கும், அதன் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு. உங்கள் 160 மில்லிவோல்ட் லக்கைக் கழற்றும்போது முதலில் அதைத்தான் பாருங்கள். புது இன்வெர்ட்டரை முதல்முறை இணைக்கும்போது பாசிட்டிவை நேராக வைக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டர் காலியாக இருக்கும், பெரிய பொறி வரும். 25 முதல் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் சில நொடி பிடித்துவிட்டு அப்புறம் லக்கை வையுங்கள்.