வகுப்பில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளிலேயே மாணவர் வலைப்பதிவு: எது ஓடுகிறது, எது சறுக்குகிறது?

கேள்வி (மொழி ஆசிரியர்)

30 மாணவர்கள். பள்ளி கொடுத்த கூகுள் கணக்கு, ப்ரொஜெக்டர், பகிர்ந்து பயன்படுத்தும் சில லேப்டாப்புகள் உண்டு. புதிதாக எந்தச் சேவையிலும் பதிவு செய்யாமல் அவர்களை வாரம் ஒரு பதிவு எழுதவைக்க வேண்டும். பதிலில் உங்கள் சொந்தக் கதை வேண்டாம். எதைச் செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியை

கூகுள் ஸ்லைட்ஸிலிருந்து தொடங்குங்கள். ஒரே கோப்பு, ஆளுக்கொரு ஸ்லைடு. ஃபைல் மெனுவில் பேஜ் செட்அப் போய், கஸ்டம் என்பதில் 21 × 29.7 செ.மீ. கொடுத்தால் நிமிர்ந்த ஏ4 தாள் போல ஆகிவிடும். 14 அளவு எழுத்தில் சுமார் 150 சொல்லும் ஒரு படமும் தாராளமாக அடங்கும். இடம் தீர்ந்தால் பதிவு முடிந்தது. எவ்வளவு நீளம் எழுதுவது என்ற கேள்வியே எழாது.

தலைப்புப் பட்டை, ஓரக்கோடு, வகுப்பின் பெயர் ஆகியவற்றை ஸ்லைடில் நேரடியாக வைக்காதீர்கள். பத்தே நிமிடத்தில் யாராவது இழுத்துக் கலைத்துவிடுவார்கள். வியூ மெனுவில் தீம் பில்டரைத் திறந்து லேஅவுட்டில் (ஸ்லைடுகளுக்கு அடியில் இருக்கும் வார்ப்பு) வையுங்கள். அங்கே வைத்ததை ஸ்லைடில் இருந்துகொண்டு தொடவே முடியாது.

அடுத்தவர் ஸ்லைடை அழிப்பதுதான் பெரிய தலைவலி. அழித்த பிள்ளையின் கணினியிலேயே கன்ட்ரோல் இசட் அழுத்த வேண்டும். பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது அந்தக் கட்டளை அவரவர் செய்ததை மட்டுமே திருப்பும் என்பதால், நீங்கள் உங்கள் கணினியில் எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. பதறிப்போய் வெர்ஷன் ஹிஸ்டரியில் (கோப்பின் பழைய பதிப்புகளின் பட்டியல்) ரீஸ்டோர் கொடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் மற்ற 29 பேர் எழுதியதும் பழைய நிலைக்குப் போய்விடும். பழைய பதிப்பின் மூன்று புள்ளியில் மேக் எ காப்பி கொடுத்து, அந்த நகலிலிருந்து காணாமல்போன ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.

பள்ளிக் கணினிப் பொறுப்பாளர்

டீச்சர் சொன்னதோடு ஒன்று. அந்தக் கோப்பைப் பப்ளிஷ் டு வெப் மூலம் வெளியிட்டால் இணைப்பு கையில் உள்ள யாரும் கணக்கில்லாமல் படிக்கலாம். (பள்ளி நிர்வாகம் அந்த வசதியை முடக்கியிருந்தால் வேலை செய்யாது, முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.) ஆனால் மாற்றங்கள் தாமாகவே வெளிப்பக்கத்துக்குப் போய்விடும். பாதி எழுதிய வரியும் விளையாட்டாகத் தட்டிய சொல்லும் சேர்ந்தே போகும்.

அதனால் இரண்டு கோப்பு வேண்டும். எழுதுவது ஒன்றில், வெளியிடுவது இன்னொன்றில், அதில் திருத்தும் உரிமை ஆசிரியருக்கு மட்டும். முடிந்த ஸ்லைடை நகலெடுத்து ஒட்டும்போது மூலத்தோடு இணைக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்றே கொடுங்கள். கமெண்ட்கள் வெளியிட்ட பக்கத்தில் தெரியாது என்பதால், எழுதும் கோப்பில் அச்சமின்றித் திருத்தக் குறிப்பு போடலாம்.

மேல்வகுப்பு ஆசிரியர்

நீளமாக எழுதுகிறவர்களுக்கு ஸ்லைடு போதாது, கூகுள் டாக்ஸ்தான். பணி கொடுக்கும் கூகுள் கிளாஸ்ரூமில் கோப்பை இணைக்கும்போது ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல் என்ற தேர்வைப் பணியை அனுப்புமுன்பே வைக்க வேண்டும். அனுப்பிய பிறகு நினைவு வந்தால் பணியையே புதிதாகத்தான் போடணும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் டர்ன் இன், அதாவது பணியை ஒப்படைக்கும் பொத்தான். அதை அழுத்தியதும் மாணவரின் திருத்தும் உரிமை போய்விடும். ஆண்டு முழுதும் ஒரே டாக்கில் மேலே மேலே சேர்த்து எழுதுவதுதான் திட்டம் என்றால், டர்ன் இன் அழுத்தாதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதிவையுங்கள். புதிய பதிவு மேலே, பழையது கீழே. தேதிக்கு ஹெடிங் 1 கொடுத்தால் இடப்பக்கம் பட்டியல் தானாக வரும்.

அந்த டாக்கைக் கூகுள் சைட்ஸ் பக்கத்தில் பதித்தும் காட்டலாம். டாக்கின் பகிர்வு அமைப்பைத் தனியே மாற்ற மறந்தால் வாசகருக்கு அனுமதி கேட்கும் பெட்டிதான் தெரியும். ஆசிரியரின் திரையில் எல்லாம் சரியாகத் தெரிவதால் இது நாள்கணக்கில் கண்ணில் படாது. கணக்கிலிருந்து வெளியேறி, தனி உலாவிச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தமிழாசிரியை

தமிழில் எழுதுவதற்கென்று சில சிக்கல்கள் தனியாக உண்டு. வீட்டுக் கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிக்கொண்டு வந்தால், இணையத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத்தான் விழும். யுனிகோடு மாற்றியில் (பழைய எழுத்துருவில் தட்டியதை இணையத்துக்கான பொதுக் குறியீட்டுக்கு மாற்றும் கருவி) போட்டு எடுக்க வேண்டும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் சரியாகாது. வேர்டிலிருந்து ஒட்டும்போது, எழுத்தை மட்டும் ஒட்டும் கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்துங்கள். இல்லாவிட்டால் அளவும் நிறமும் கூடவே வந்து பக்கம் கோமாளித்தனமாக இருக்கும்.

தட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு டாக்ஸின் வாய்ஸ் டைப்பிங் நல்ல வழி. குரோமில் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது; மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முற்றுப்புள்ளி, கேள்விக்குறியைக் கையால்தான் போட வேண்டும். 30 பேர் ஒரே அறையில் பேசினால் அடுத்தவர் வாக்கியம் நம் பதிவில் வந்து உட்காரும். நான்கைந்து பேராக வெளியே அனுப்புங்கள், அல்லது மைக் உள்ள ஹெட்செட் கொடுங்கள். பேச்சுமொழி அப்படியே பதிவாகிறதே என்று வருந்த வேண்டாம். அதை எழுத்துமொழிக்கு மாற்றுவதே அடுத்த வகுப்புக்கு நல்ல பயிற்சி.

பழைய வலைப்பதிவர்

ஒரு கட்டத்தில் உண்மையான வலைப்பதிவுக்கே போக நினைத்தால், தளத்தின் அழகைப் பார்க்காதீர்கள். வெளியிடும் பொத்தான் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் ஒருவரைப் பதிவு எழுதுபவராக (ஆத்தர்) சேர்த்தால் அவரே நேரடியாக வெளியிட முடியும். நிர்வாகி பார்த்து அனுமதிக்கும் படி அதில் இல்லை. மாற்றுவழி, மின்னஞ்சல் மூலம் பதிவிடும் அமைப்பு. ரகசியச் சொல் சேர்ந்த ஒரு முகவரியை உருவாக்கி, வரும் அஞ்சல் வரைவாக மட்டும் சேமிக்கப்படும்படி வைக்கலாம். மாணவர் அஞ்சல் அனுப்பினால் போதும், பிளாகர் கணக்கு வேண்டாம். அஞ்சலின் பொருள் வரி தலைப்பாகும். பதிவுகள் எல்லாம் கணக்கு உரிமையாளர் பெயரிலேயே வரும் என்பதால், கடைசி வரியில் எழுதியவரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். முகவரி கசிந்தால் ரகசியச் சொல்லை மாற்றிவிடலாம்.

இன்னொரு வலைப்பதிவுத் தளமான வேர்ட்பிரஸில் கான்ட்ரிபியூட்டர் என்ற பொறுப்பு இதற்கென்றே செய்தது போல. எழுதலாம், பார்வைக்கு அனுப்பலாம், வெளியிட முடியாது. படம் ஏற்றவும் முடியாது. அது ஆசிரியர் தலையில் விழும்.

பதிவின் இணைய முகவரி விஷயம்: தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை விட்டுவிட்டு பிளாக்போஸ்ட் என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் வைத்துவிடும். எந்த இணைப்பு எந்தப் பதிவு என்றே தெரியாது. வெளியிடும் முன் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) பகுதியில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொல் கொடுங்கள். வேர்ட்பிரஸ் நேர்மாறு. தமிழை ஏற்கும், ஆனால் இணைப்பை நகலெடுத்தால் ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாக விரியும். ‘அம்மா’ என்ற ஒரு சொல்லில் 5 குறியீடுகள் (அ, ம, புள்ளி, ம, கால்), ஆக 45 எழுத்து!

கணினிப் பொறுப்பாளர்

படங்கள். கைபேசிப் படம் சில எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தாலே போதும். அதைவிட முக்கியம், இருப்பிடக் குறி படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். கேமரா அமைப்பில் லொக்கேஷனை அணையுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பயன்படுத்துங்கள். முகமும் முழுப்பெயரும் ஒரே பக்கத்தில் வேண்டாம். கையையும் செய்த பொருளையும் காட்டினாலே பதிவு நன்றாக இருக்கும்.

தொடக்க வகுப்பு ஆசிரியை

பின்னூட்டத்தை முதலில் தாளில் பழக்குங்கள். பதிவை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஆளுக்கு இரண்டு ஒட்டுத்தாள். ஒன்றில் பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி ஒரு கருத்து, இன்னொன்றில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. ‘சூப்பர்’ மட்டும் எழுதினால் செல்லாது. திரைக்குப் போன பிறகு இதே விதி அப்படியே நிற்கும்.

முறை வைப்பது எளிது: 6 பேராக 5 குழு, நாளுக்கொரு குழு. ஒரே நாளில் 30 பதிவு வந்தால் யாராலும் படிக்க முடியாது.

மேல்வகுப்பு ஆசிரியர்

கடைசியாக ஒன்று. மாணவர் பள்ளியை விட்டுப் போனால் பள்ளிக் கணக்கும், அதோடு எழுத்தும் போகக்கூடும். ஆண்டு முடிவதற்குள் ஸ்லைட்ஸையும் டாக்ஸையும் பிடிஎஃப்பாக இறக்கிக் கொடுத்துவிடுங்கள். பிளாகரில் செட்டிங்ஸ் பகுதியில் பேக்கப் எடுக்கலாம். அதில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், பதிவுக்குள் படங்களுக்கு இணைப்பு மட்டும்தான் இருக்கும். படங்களைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.