22 மாத மெயின்டனன்ஸ் பாக்கி. தண்ணீர் வால்வை மூடலாமா?

மடிப்பாக்கம் பொருளாளர்:

வணக்கம். எங்களுடையது 18 வீடுகள் உள்ள குடியிருப்பு. கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. கட்டி 14 வருஷம் ஆகிறது. ஏப்ரலில் இருந்து நான் பொருளாளர்.

மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்காரர் 22 மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. மாதம் 2,800 வீதம் 61,600 ரூபாய் நிற்கிறது. அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். வீட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம்: கணவன், மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண், கணவருடைய வயதான அம்மா.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. "மொட்டை மாடியில் அந்த வீட்டு லைனை மூடுங்கள், மறுநாளே பணம் வரும்" என்றார் செக்ரட்டரி. ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கிவிட்டார்கள். பிளம்பரிடமும் பேசியாகிவிட்டது. நான் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்புறம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டேங்கில் இருந்து இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி கேட் வால்வு, பக்கத்தில் சிவப்பு பெயின்டில் வீட்டு எண். நாலு சுற்றுச் சுற்றினால் அந்த வீட்டில் குழாய் நின்றுவிடும். அவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மற்றவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடையில் லாரித் தண்ணீர், லிஃப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம் எல்லாவற்றையும் 17 வீடுகள்தான் சுமக்கின்றன. முதல் மாடியில் பென்ஷனில் காலம் தள்ளும் ஒரு அம்மா, மாதம் 5ஆம் தேதிக்குள் பணத்தைக் கவரில் போட்டுக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

வாடகைக்கு இருக்கும் பெண்ணிடம் பேசினேன். போனை எடுத்துக் காட்டினார். மாதாமாதம் 17,500 அனுப்பியிருக்கிறார், "வாடகையும் மெயின்டனன்ஸும்" என்று ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவர் வேறு கதை சொல்கிறார். மொட்டை மாடி ஒழுகி அவர் வீட்டுப் படுக்கையறைச் சீலிங் பெயர்ந்ததாம். தானே 38,000 செலவு செய்து பழுது பார்த்தாராம். பழைய கமிட்டி "மெயின்டனன்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொன்னதாம். மினிட்ஸ் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

வால்வை மூடுவது சட்டப்படி சரியா? இல்லையென்றால் இந்தப் பணத்தை எப்படி வசூலிப்பது?

வேளச்சேரி உறுப்பினர்:

எங்கள் பிளாட்டில் மூடினோம். இரண்டே நாளில் கட்டினார். ஒழுங்காகக் கட்டுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் நினையுங்கள் மேடம். இரக்கம் காட்டினால் அடுத்த வருஷம் நாலு பேர் கட்ட மாட்டார்கள்.

சிவில் வக்கீல், ஆலந்தூர்:

வேளச்சேரி நண்பரே, உங்கள் ஆள் போலீசுக்குப் போகாததால் தப்பித்தீர்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மனிதர்கள் குடிக்கவும் சமைக்கவும் சுத்தத்துக்கும் வரும் தண்ணீரைக் குறைக்கும் சேதச் செயலுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 430ஆகப் பல காலமாக இருந்ததுதான் இது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, வீட்டுக்குச் சொந்தக்காரரே குடியிருப்பவரின் தண்ணீரை நிறுத்தக் கூடாது. அவருக்கே இல்லாத உரிமை அசோசியேஷனுக்கு எங்கிருந்து வரும்? அதுவும் இங்கே தண்டனை போய்ச் சேருவது மாதாமாதம் பணம் கட்டிய குடும்பத்துக்கு.

மேடம், பாக்கிக்குப் பொறுப்பு வீட்டின் உரிமையாளர்தான். வாடகைக்காரரோடு அவர் என்ன பேசிக்கொண்டார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. மாதவாரிக் கணக்கோடு பதிவுத் தபாலில் அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். சங்கத்தின் பை-லாவில் (விதிமுறைகளில்) இருந்தால் மட்டும் வட்டி கேளுங்கள். பண வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. இன்னும் 14 மாதம் சும்மா இருந்தால் முதல் மாதப் பாக்கி போய்விடும், அப்புறம் மாதத்துக்கு ஒன்றாகக் கழன்றுகொண்டே வரும். காலவரம்பு முடியும் முன் "இவ்வளவு தர வேண்டும்" என்று அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தத் தேதியில் இருந்து புதிதாக எண்ணலாம். போனில் பேசியது உதவாது.

நேராக முன்சீப் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம். அங்கே நடக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்வுக்குக் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமமான பலம் உண்டு. மேல்முறையீடும் கிடையாது.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவானதா? கமிட்டி மாறும்போதெல்லாம் படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் ஆனதா? கமிட்டியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பணம் கேட்டு வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தொடுவது இதைத்தான்: "நீங்கள் செக்ரட்டரி என்பதற்கு என்ன ஆதாரம்?" நியாயமான பாக்கி இருந்தும் இந்த ஒரு காகிதத்தில் தடுமாறிய சங்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

முன்னாள் செக்ரட்டரி, நங்கநல்லூர்:

அந்த ஒழுகலைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. விற்பனைப் பத்திரத்தில் மொட்டை மாடியைத் தனியாக யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது எல்லோருக்கும் பொது. அதைப் பழுது பார்ப்பது சங்கத்தின் வேலை. மேல் மாடிக்காரர்கள் பணம் கட்டாமல் நிறுத்துவதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு காயம் இருக்கும். பில், போட்டோ, வேலை செய்த ஆளின் பெயர் எல்லாம் கேட்டு வாங்குங்கள். உண்மையாக இருந்தால் பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானம் எழுதுங்கள். கமிட்டி தனியாக முடிவு செய்தால் நாளைக்கு உங்கள் மேல்தான் பழி வரும்.

மடிப்பாக்கம் பொருளாளர்:

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் ஐயா எழுதியதைப் படித்ததும் பீரோவில் இருந்த பழைய ஃபைலை எடுத்தேன். பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. கடைசியாகப் படிவம் 7 தாக்கல் செய்தது 2017இல். அதற்குப் பிறகு மூன்று கமிட்டி மாறிவிட்டது. ஆண்டுக் கணக்கும் போகவில்லை. செக்ரட்டரியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிளம்பரை வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் இன்று காலை பில்லை அனுப்பினார். வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு, ஆள் கூலி எல்லாம் சேர்த்து 38,000 சரியாகத்தான் வருகிறது. பொதுக்குழு ஒத்துக்கொண்டால் மீதி 23,600. அதை நாலு தவணையில் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தரச் சம்மதித்திருக்கிறார். நாளைக்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போகிறேன். இத்தனை வருஷம் விட்டுப்போன படிவங்களைத் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்த அனுபவம் யாருக்காவது இருந்தால், என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள்.