எரர் காயின்: கையில் வந்ததும் கை நழுவியதும்

(எரர் காயின் என்றால் அடிக்கும்போதே பிழையாகிப்போன காசு. காசு சேகரிப்பவர்கள் நால்வர் புனைபெயரில் பேசிக்கொண்டது.)

செம்புக்காசு:
ரெண்டு வருஷமா டபுள் டைன்னு, அதாவது டையிலயே (காசு அடிக்கிற அச்சு) உருவம் ரெட்டையா விழுந்ததுன்னு, தனி உறையில வெச்சிருந்த காசு. ஆண்டுல 9-க்குப் பக்கத்திலேயே இன்னொரு 9. நேத்து ராத்திரி விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டு வெளிச்சத்துல லென்ஸ் வெச்சேன். அந்த ரெண்டாவது 9 படிக்கட்டு மாதிரி தட்டையா கிடக்கு. முதல் 9-ஓட சதையைச் சீவி ஓரத்துல தள்ளின மாதிரி. மெஷின் டபுளிங்! அடிக்கும்போது டை ஆடி இழுத்த தடம், அவ்வளவுதான். பேர்போன அமெரிக்க டபுள் டை, 1955 லிங்கன் சென்ட்டோட படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அதுல ரெண்டு உருவமும் திரண்டு நிக்கும். மனசே ஆறல.

விளிம்பு:
எனக்குக் கிளிப், அதாவது அடிக்கும் முன்பே தகட்டில் ஓரம் வெட்டுப்பட்ட காசு. பிறை மாதிரி வெட்டுப்பட்ட காசு ஒன்று வந்தது. நேர் எதிர்ப்பக்கம் பார்த்தேன், விளிம்பு முழு உயரத்தில் இருந்தது. அசல் கிளிப்பில் வெட்டுக்கு எதிரே விளிம்பு மங்கும் பிளேக்ஸ்லி அடையாளம் இல்லை. அரம் போட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

பழைய லென்ஸ்:
விளிம்பு, நீங்கள் எதிர்ப்பக்கத்தை மட்டும் வைத்துத் தள்ளியிருக்கக் கூடாது. வெட்டுப்பட்ட தகடு விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் உருளும்போது, வெட்டுக்கு எதிரே அழுத்தம் விழாது; அதனால்தான் அங்கே மங்குகிறது. ஆனால் எல்லாக் கிளிப்பிலும் அது தெரியாது. என்னிடமே அப்படி ஒன்று உண்டு. வெட்டின் ஓரத்து எழுத்தைப் பாருங்கள். அசலில் உலோகம் வெட்டுப் பக்கம் வழிந்து எழுத்து இழுபட்டிருக்கும். அரம் போட்டதில் எழுத்து பாதியில் அறுந்து நிற்கும், வெட்டு முகத்தில் ராவிய கோடு தெரியும். எடையை நம்பாதீர்கள், இரண்டிலுமே குறையும். செம்புக்காசு, உங்களுக்கும் சொல்கிறேன்: பத்து மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் போனால் அடிபட்ட தழும்பெல்லாம் வெரைட்டியாக (டையில் வந்த வேறுபாடாக) தெரியும். தயவுசெய்து எந்தக் காசையும் தேய்த்துக் கழுவாதீர்கள்.

இருதலை:
அறிவுரை இருக்கட்டும், என் கதையைக் கேளுங்க. முன்பக்கம் தலை. பின்பக்கம் அதே தலை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி, பள்ளமாக. வைஸில் (பட்டறை இடுக்கியில்) இன்னொரு காசோடு வைத்து நசுக்கியது என்று சொல்லி, விற்க வந்தவர் கையிலேயே வைத்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது: நசுக்கியிருந்தால் முன்பக்கம் சப்பையாகியிருக்கும். நான் பார்த்த முகத்தில் தலைமுடி இழை இழையாக நின்றது. முந்தைய காசு டையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் பதிந்த பிராக்கேஜ் அது. திரும்பி ஓடினேன். அவர் போய்விட்டிருந்தார்.