'சைசிங்' செய்த தாளுக்குத் தமிழ் என்ன? – லினோ அச்சுக் கையேட்டுக்காக

மொழிபெயர்ப்பாளர், திருநகர்:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கு மதுரையில் லினோ அச்சுப் பட்டறை (லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் செதுக்கி அச்செடுப்பது) நடக்க இருக்கிறது. கருப்பு மையில் அச்செடுத்து, காய்ந்த பிறகு நீர்வண்ணத்தால் கையில் தீட்டும் முறை. கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். தாள் பற்றிய பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். 'சைசிங்' என்பதற்குத் தமிழ் வேண்டும். முதல் வரைவு எழுதியவர் 'நன்கு அளவெடுத்த தாளையே வாங்குங்கள்' என்று போட்டிருக்கிறார். இதை நம்பினால் ஆசிரியர்கள் கடைக்கு ஸ்கேலோடு போவார்கள்.

விஷயம் இதுதான். தாள் நீரைக் குடித்துவிடாமல் இருக்கக் கூழிலேயே ஒரு பொருளைக் கலப்பார்கள், அல்லது தாளான பிறகு ஜெலட்டின் கரைசலில் முக்குவார்கள். அது இல்லாத தாளில் அச்சு அருமையாக விழும், ஆனால் தூரிகை பட்டதும் வண்ணம் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். அது அதிகமான தாளில் வண்ணம் சொன்ன இடத்தில் நிற்கும், ஆனால் மை ஏற நல்ல அழுத்தம் வேண்டும். பிரஸ் இல்லாமல் கரண்டியால் தேய்த்து எடுப்பவர்களுக்கு இது தலைவலி. 'பசையூட்டிய தாள்' என்று போடலாமா?

ஆப்செட் அச்சகத்தார், சிவகாசி:

பசைத்தாள் என்று இங்கே கேட்டால் ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்துக் கொடுப்பார்கள். பேசாமல் சைசிங் என்றே போடுங்கள். ஈரோட்டுப் பக்கம் போனால் 'சைசிங் மில்' என்று போர்டே மாட்டியிருக்கிறது. ஊருக்கே புரிகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மேலூர்:

பசை என்ற சொல்லை ஸ்டிக்கர்காரர்களுக்கு எப்போது பட்டா போட்டுக் கொடுத்தோம்? குறுந்தொகை 330-ஆம் பாட்டைப் பாருங்கள்: 'நலத்தகைப் புலைத்தி பசைதோய்த்து எடுத்து'. துணி வெளுப்பவள் கஞ்சிப் பசையில் தோய்த்தெடுத்த ஆடையின் முறுக்கைப் பகன்றைப் பூவுக்கு உவமையாக்குகிறார் கழார்க்கீரன் எயிற்றியார். தோய்த்தல்தான் இங்கே உயிர்நாடி. 'ஊட்டிய' என்றால் சோறு ஊட்டுவது நினைவுக்கு வரும். 'பசைதோய் தாள்' என்பது வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும், நேற்று வாங்கிய தாளுக்கும் நாளை வாங்கப்போகும் தாளுக்கும் சேர்த்து.

இன்னொன்று. 'லினோ' என்று ஏன் அப்படியே விட வேண்டும்? 1860-களில் இங்கிலாந்தில் ஃப்ரெடரிக் வால்டன் அந்த விரிப்புக்கு 'லினோலியம்' என்று பெயர் வைத்தபோது, ஆளிச்செடிக்கும் எண்ணெய்க்கும் உரிய லத்தீன் சொற்களைத்தான் ஒட்டினார். ஆளிவிதை எண்ணெயைக் கெட்டியாக்கித் தக்கைத்தூளோடு சேர்த்துச் சணல் துணியில் படிய வைத்த பொருள் அது. ஆகவே 'ஆளிவெட்டு' என்பதே முறை.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை, செல்லூர்:

ஐயா, வணக்கம். ஆளிவெட்டு என்றால் ஆயிரங்கால் மண்டபத்து யாளியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து எங்கள் தெருவே திரண்டுவிடும். அதை அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்கு, கஞ்சி போடுவது அன்றாட வேலை. சைசிங் மில்லில் நடப்பதும் அதுதான், சிவகாசி அண்ணன் சொன்னதற்குத் தமிழ் அதிலேயே இருக்கிறது. ஐயா பாண்டியனை மறந்துவிட்டார். மதுரைக்காஞ்சியில் அரசன் உடுப்பது 'சோறமைவுற்ற நீருடைக் கலிங்கம்'. கஞ்சி போட்ட உடுப்புத்தானே? என் ஓட்டு 'கஞ்சியிட்ட தாளுக்கு'. கஞ்சி போடாததைக் 'கோராத் தாள்' என்று சொல்லுங்கள், துணிக்கடைக்குப் போன எவருக்கும் புரியும்.

அச்சு ஓவியர், நாகமலை:

தம்பி, கோராத் தாள் எனக்குப் பிடித்திருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கஞ்சியில் ஒரு சிக்கல். ஜெலட்டின் மாட்டெலும்பிலும் தோலிலும் எடுப்பது, அதைக் கஞ்சி என்றால் சைவ ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். துணியில் போட்ட கஞ்சி வெளுத்தால் போய்விடும், தாளில் போட்டது கடைசிவரை இருக்க வேண்டும். நீரை உறிஞ்சாமல் தடுக்கும் வேலையை வைத்து 'உறிதடை' என்றால் என்ன? 'உறிதடை மிகுந்த தாள்', 'உறிதடை குறைந்த தாள்' என்று ஏற்ற இறக்கமும் சொல்லலாம்.

பெயர் எதுவானாலும் சோதனையைக் கையேட்டில் சேருங்கள். தாளின் மூலையை நாக்கு நுனியில் தொடுங்கள். ஒட்டிக்கொண்டு இழுத்தால் கோரா. வழவழவென்று விலகினால் நீர்வண்ணம் தாங்கும். கடைக்காரர் முறைப்பார் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள், முத்தாக நிற்கிறதா, கறையாக இறங்குகிறதா என்று தெரியும். ராஜஸ்தானின் சாங்கனேர், புதுச்சேரிக் கைத்தாள்களையும் இப்படிப் பார்த்தே வாங்குங்கள், வகைக்கு வகை மாறும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித்தாள் தண்ணீருக்குச் சுருளாது, ஆனால் கரண்டியால் தேய்த்தால் தோள்பட்டை போய்விடும். தாளை லேசாக ஈரப்படுத்தி வைத்தால் மை இறங்கும். முக்கியமாக, மை எண்ணெய் மையாக இருக்கட்டும். தண்ணீரில் கரையும் மை என்றால் தூரிகை பட்டதும் கருப்புக் கோடு கரைந்து மஞ்சள் எல்லாம் சாம்பலாகிவிடும்.

ஆப்செட் அச்சகத்தார், சிவகாசி:

உறிதடை என்றால் போலீஸ் போட்ட தடுப்பு மாதிரி இருக்கிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை, செல்லூர்:

அக்கா, நம் நாட்டுப் பழைய கைத்தாளுக்கு அரிசி, கோதுமைக் கஞ்சி தடவி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஜெலட்டின் ஐரோப்பியர் வழக்கம். எனவே கஞ்சிதான் மூத்தது. எலும்புக் கஞ்சி என்று ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே, ஆட்டுக்கால் சூப் குடிக்கிற ஊர்தானே இது.

மொழிபெயர்ப்பாளர், திருநகர்:

சரி. கஞ்சிக்கு நான்கு பேர், உறிதடைக்கு இருவர், பசைதோய்க்கு ஐயா ஒருவர், மற்றவர்கள் 'எதையாவது போடுங்கள்'. முதல் இடத்தில் 'கஞ்சியிட்ட தாள் (சைசிங்)' என்றும் பிறகு 'கஞ்சித்தாள்' என்றும் வைக்கிறேன். கூடவே 'கோராத் தாள்'. அக்காவின் நாக்குச் சோதனை பெட்டிச் செய்தியாக வருகிறது.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மேலூர்:

கஞ்சித்தாள் என்றால் கஞ்சி குடிக்கும் தொன்னை என்றுதான் எவரும் கொள்வர். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பிலாவது 'பசைதோய்' வர வேண்டும். ஆளிவெட்டுக்கு இலக்கணத்தோடு மறுப்புச் சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆப்செட் அச்சகத்தார், சிவகாசி:

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள். போன தடவை எழுத்துரு மாறி, கொம்பெல்லாம் தனியாக நின்றது.