21 நாள் முடிந்தும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும் குஞ்சுகள்: இன்குபேட்டரில் எங்கே தவறு?

கடலோரக் கிராமத்தான்

வணக்கம். ஊர் நாகப்பட்டினம் பக்கம். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் செய்த இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் பெட்டி. 40 வாட் குண்டு பல்பு இரண்டு, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, சூட்டைப் பார்த்துப் பல்பை எரித்து அணைக்கும் டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட், 37.7 டிகிரி செட்டிங். சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை 30, பன்னிரண்டு நாளாகச் சேர்த்தது. காலையும் இரவும் கையால் திருப்பினேன். தண்ணீர்க் கிண்ணம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. ஈரப்பதம் 68க்கும் 72க்கும் நடுவில் காட்டியது.

7ஆம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 4 கூமுட்டை (கருவே இல்லாதது), 2 இரத்த வளையம் (கரு வளரத் தொடங்கிச் செத்தது). எடுத்துவிட்டேன். மீதி 24இல் பொரித்தது 11தான், அதுவும் 20ஆம் நாள் தொடங்கி 23 வரை இழுத்தது. பொரிக்காத 13ஐ உடைத்தால் எல்லாமே முழுசாக வளர்ந்த குஞ்சுகள். பத்தில் தொப்புள் மூடவில்லை, மஞ்சள் கரு வெளியே நிற்கிறது, ஓட்டுக்குள் பிசுபிசுவென்று நீர். மூன்றில் அலகு கூர்முனைப் பக்கம் இருந்தது. ஐப்பசி மழை நேரம். இடி இடித்ததுதான் காரணம், ஆணியும் கரித்துண்டும் போட்டு வை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தராசுத்தட்டு

உங்கள் பத்துக் குஞ்சுகளும் ஈரம் அதிகமாகி செத்தவை. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் நீரை ஓட்டு வழியே இழக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அகல முனைக் காற்றறை பெரிதாகிறது. 19, 20ஆம் நாளில் குஞ்சு முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கும். 70 சதவீத ஈரத்தில் நீர் வெளியேறாது, காற்றறை சிறுத்தே இருக்கும், குஞ்சு ஊதிப்போய் திரும்ப இடமில்லாமல் மூச்சு முட்டும்.

கிண்ணம் நிறையத் தண்ணீர் வை என்று சொல்பவர்கள் எந்த ஊர்க் காற்றை வைத்துச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மழைக்காலத்தில் உங்கள் ஊர்க் காற்று 30 டிகிரியில் 75 சதவீதம் ஈரம் என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5க்குச் சூடானால் ஏறக்குறைய 49 சதவீதம் ஆகிவிடும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 45 முதல் 55தான். அதனால் உங்களுக்குக் கிண்ணமே வேண்டாம். கோடையில் தர்மபுரி மாதிரி ஊரில் 35 டிகிரி, 35 சதவீதம் என்றால் பெட்டிக்குள் 30தான் நிற்கும். அங்கே தண்ணீர் இல்லாமல் முடியாது. தண்ணீர் வைக்கும்போதும் ஆழம் கணக்கில்லை, வாய் அகலம்தான் கணக்கு.

மீட்டரை நம்புவதைவிட தராசை நம்புங்கள். 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு போதும். 45 கிராம் முட்டை 30 என்றால் மொத்தம் 1350 கிராம். 12 சதவீதம் என்பது 162 கிராம், அதாவது நாளுக்கு 9 கிராம். 7ஆம் நாள் 1287, 14ஆம் நாள் 1224, 18ஆம் நாள் 1188க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எடை குறையவில்லையா, தண்ணீரை எடுத்துவிட்டு காற்றுத் துளையைக் கூட்டுங்கள். வேகமாகக் குறைகிறதா, கிண்ணத்தை வையுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் தொடக்க எடையைப் பென்சிலால் எழுதிவிட்டால், கூமுட்டையை எடுத்த பிறகும் கணக்கு குழம்பாது.

மீட்டரையும் ஒருமுறை சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் 8 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள்.

மின்கம்பி

மேலே சொன்னது சரி. ஆனால் 23ஆம் நாள் வரை இழுத்ததற்கு ஈரம் மட்டும் காரணமாகாது. சூடும் குறைவு என்று நினைக்கிறேன். மஞ்சள் கரு உள்ளே இழுக்கப்படாமல் நிற்பதும் குறைந்த சூட்டில் வருவதுதான்.

டபிள்யூ 1209இல் பி1 என்ற அமைப்பு வாங்கும்போது 2 டிகிரியில் இருக்கும். 37.7 வைத்தாலும் 35.7க்கு இறங்கிய பிறகுதான் பல்பு எரியும். அதை 0.3க்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, ஒரு ஃப்ளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சென்சார் முனையையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஒட்டிப் பிடித்துக் கலக்குங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பி4 என்ற திருத்த அமைப்பில் சரிசெய்யுங்கள். அரை டிகிரி பிழை சிறியதல்ல, 21 நாளும் சேர்ந்தால் ஒரு நாள் முன்னே பின்னே போகும்.

சென்சார் பெட்டியின் நடுவில், முட்டையின் மேல்முனை உயரத்தில் தொங்க வேண்டும். பல்புக்குப் பக்கத்தில் இருந்தால் பல்பின் சூட்டைக் காட்டும், முட்டை குளிர்ந்தே கிடக்கும். ஃபேன் காற்று நேராக முட்டையில் அடிக்காமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பட்டும். ஃபேன் இருந்தால் 37.5 முதல் 37.7. ஃபேன் இல்லாத பெட்டிக்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5.

பல்பு இரண்டையும் பேரலலில், அதாவது தனித்தனி இணைப்பாகக் கொடுங்கள், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். தெர்மோஸ்டாட்டில் உள்ள ரிலே (பல்பை எரித்து அணைக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது. 40 டிகிரியைத் தாண்டி சில மணி நேரம் நின்றால் மொத்த ஈடும் (ஒரே தடவை வைத்த முட்டைகள் எல்லாம்) போய்விடும். 38.5க்கு வைத்த இன்னொரு தெர்மோஸ்டாட்டை சீரிஸில், அதாவது அதே கம்பி வழியில் அடுத்தடுத்துப் போட்டுவிடுங்கள். மூடி இறுக்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எப்போதும் உள்ளே கிடக்கட்டும். கரண்ட் போனால் சூட்டைப் பிடித்து வைக்கும், ஈரமும் ஏறாது.

பெருவிடை

முட்டைப் பக்கமும் பாருங்கள் தம்பி. பன்னிரண்டு நாள் சேர்த்தது அதிகம். பழைய முட்டை தாமதமாகப் பொரிக்கும், புதியது முந்தும், அதனாலும் நாள் இழுக்கும். 7 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் காலத்தில் 4 நாள்தான். வீட்டுச் சூட்டிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். அந்த இரத்த வளையம் அப்படியும் வந்திருக்கலாம். மண்பானையில் மணல் போட்டு, ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்து, கூர்முனை கீழாக நிறுத்துங்கள். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேல்பூச்சு போய் கிருமி உள்ளே இறங்கும்.

கூர்முனையில் அலகு இருந்த மூன்றும் கிடை மாறியவை. முட்டை கூர்முனை மேலாக இருந்தாலோ, சரியாகத் திருப்பாவிட்டாலோ வரும். இரண்டு வேளை திருப்பினால் நீண்ட இரவு முழுக்க எப்போதும் ஒரே பக்கம்தான் மேலே நிற்கும். மூன்று அல்லது ஐந்து வேளை, ஒற்றைப்படையாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டால் குழப்பம் வராது. 18ஆம் நாள் காலையோடு நிறுத்திவிடுங்கள்.

இடி விஷயம்: இடி இடிக்கும் மாதமும் காற்றில் ஈரம் மிகுந்த மாதமும் ஒன்று, கரண்ட் போவதும் அப்போதுதான். முட்டை கெட்டது இவற்றால். ஆணி போடுவதால் கெடுதலில்லை, ஆனால் அதை நம்பிக் கிண்ணத்தை உள்ளேயே விட்டுவிடாதீர்கள்.

கடலோரக் கிராமத்தான்

மூவருக்கும் நன்றி. பி1 பார்த்தேன், 2 என்றுதான் இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. கடைசி மூன்று நாளும் தண்ணீர் இல்லாமலா? ஓட்டில் விரிசல் விட்டு நின்றுவிட்டால் நாமே உரித்துவிடலாமா?

தராசுத்தட்டு

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தும்போது அகலமான தட்டில் தண்ணீர் வையுங்கள், 65 முதல் 70 வரை ஏறட்டும். அப்போது ஈரம் குறைந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அதே தருணத்தில் ஒருமுறை டார்ச் அடியுங்கள். முட்டை கருகருவென்று இருக்கும், மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளிச்சம், அதன் விளிம்பு சாய்ந்த கோடாக ஓடும். 7, 14ஆம் நாளிலும் அந்த விளிம்பைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தால் காற்றறை வளர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

உரிக்காதீர்கள். ஓட்டில் முதல் துளை விழுந்ததிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். வெளியே அசைவில்லாமல் தெரியும் அந்த நேரத்தில்தான் சவ்விலுள்ள இரத்தம் குஞ்சுக்குத் திரும்புகிறது, மஞ்சள் கரு உள்ளே போகிறது. அவசரப்பட்டு ஓட்டைப் பெயர்த்தால் இரத்தம் கசியும், தொப்புள் திறந்தபடி வரும். 24 மணி நேரம் தாண்டியும் துளை பெரிதாகாமல், சவ்வு மஞ்சளாகக் காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, துளையைச் சுற்றிக் கொஞ்சம் ஓடு எடுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெருவிடை

மேலே சொன்ன மாதிரி உதவ வேண்டி வந்தால் தவிர, அந்த மூன்று நாள் மூடியைத் திறக்கவே கூடாது. முதல் குஞ்சு கத்தினாலும் உடம்பு காய்ந்து பஞ்சாகும்வரை உள்ளேயே இருக்கட்டும், வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே 48 மணி நேரம் தாங்கும். முட்டைக்கு அடியில் சாக்கு விரியுங்கள். வழுக்கும் தரையில் பொரித்தால் கால் இரண்டும் விரிந்துபோகும். பல்பைச் சுற்றிக் கம்பிவலை கட்ட மறந்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறையுங்கள். பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

மின்கம்பி

அடுத்த ஈட்டை ஏற்றுவதற்கு முன் முட்டை இல்லாமல் 24 மணி நேரம் ஓட்டி, உள்ளே குறைந்த சூடு, அதிகபட்ச சூடு இரண்டையும் இங்கே எழுதுங்கள். 7ஆம் நாள் எடையையும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.