செயின் ஆயிலர் மாட்டியும் செயின் காய்கிறது, எண்ணெய் எல்லாம் டயரில்: உதவி தேவை

கோவை411:
வணக்கம் நண்பர்களே. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். ஊட்டி, வால்பாறை என்று அடிக்கடி கிளம்புவேன். போகிற இடமெல்லாம் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே கேனைச் சுமக்க அலுத்துப்போய், ஓடும்போதே செயினுக்கு எண்ணெய் சொட்டும் செயின் ஆயிலர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக் கொடுத்தார்கள். மோட்டார், ஒயர் எதுவும் கிடையாது. சீட்டுக்குக் கீழே சின்ன டப்பா, அதில் ஒரு திருகு வால்வு, அங்கிருந்து மெல்லிய டியூப், அவ்வளவுதான். டியூப் முனையை மேல் செயின் மீது சொட்டும்படி கட்டியிருக்கிறார்கள். ஊற்றியிருப்பது 90 கியர் ஆயில்.

இப்போது இடது பக்க ரிம்மிலும் டயர் ஓரத்திலும் எண்ணெய்க் கோடுகள். ஆனால் செயினைத் தொட்டுப் பார்த்தால் வெளித் தகட்டில் மட்டும் பிசுபிசுப்பு, தகடுகளுக்கு நடுவே உருளும் ரோலர்கள் காய்ந்து பளபளக்கின்றன. நிறுத்திவைத்தால் காலையில் தரையில் ஒரு திட்டு. வால்வைக் கொஞ்சம் இறுக்கினால் சற்று தூரத்திலேயே சொட்டு மொத்தமாக நின்றுவிடுகிறது. வால்வு கெட்டுவிட்டதா? வேறு வாங்க வேண்டுமா?

மலைரோடு:
தம்பி, வால்வை அப்புறம் பார்க்கலாம், முதலில் டயர். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஓரம் வரை நன்றாகத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு வண்டியை எடுங்கள். இடது வளைவில் சாய்க்கும்போது ரோட்டைப் பிடிக்க வேண்டியதே எண்ணெய் பட்ட அந்த ஓரம்தான். மலைப்பாதையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். முனை கட்டிய இடம் சரியில்லை. மேல் செயின் விறைப்பாக முன் ஸ்பிராக்கெட்டை (பல் சக்கரத்தை) நோக்கி ஓடுகிறது. அதன் முதுகில் விழும் சொட்டு உள்ளே இறங்க நேரமே இல்லை. ஸ்பிராக்கெட்டைச் சுற்றும் வேகத்தில் வெளியே வீசப்பட்டுவிடும். ரிம்மில் நீங்கள் பார்க்கும் கோடுகள் அப்படி வந்தவைதான்.

பின் ஸ்பிராக்கெட்டின் கீழ்ப்பகுதிக்கு முனையைக் கொண்டுபோங்கள். இடது பக்கம் நின்று பார்த்தால், கடிகாரத்தில் 7 மணி இருக்கிற இடம். தளர்வாகப் பின்னோக்கி வரும் கீழ்ச் செயின் அங்கேதான் பற்களில் ஏறுகிறது. முனை செயினைத் தொடக் கூடாது. ஸ்பிராக்கெட்டின் பக்க முகத்தில், பல்லின் அடிக்குச் சற்று உள்ளே, லேசாக உரசினால் போதும். சொட்டு அந்த முகத்தில் படர்ந்து, சுழலும் வேகத்தில் வெளிநோக்கி நகர்ந்து, பல் வழியாக ஏறி ரோலருக்கும் தகட்டுக்கும் நடுவே போய்ச் சேரும். டயரில் எண்ணெயை அடித்த அதே சுழற்சி இங்கே உங்களுக்கு வேலை செய்யும்.

முனையை பிளேடால் 45 டிகிரி சாய்வாக வெட்டி, வெட்டிய வாய் ஸ்பிராக்கெட்டைப் பார்க்கும்படி வையுங்கள். கிளாம்ப், பின் சக்கரத்தைத் தாங்கி அதோடு மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மில்தான் இருக்க வேண்டும், பிரேமில் வேண்டாம். இந்த வண்டிக்குப் பின் சஸ்பென்ஷன் 180 மி.மீ. ஆடும். பிரேமில் கட்டினால் குழியில் விழுந்ததுமே முனை இடம் மாறிவிடும். அதே காரணத்துக்காக, ஸ்விங் ஆர்ம் மடங்குகிற இடத்தில் டியூப்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றி முனை போல்ட் தலையில் இடிக்கிறதா என்று பாருங்கள். கியரில் ஓடவிட்டுத் துணியோடு செயின் பக்கம் கையைக் கொண்டுபோகவே போகாதீர்கள். விரல் போய்விடும்.

தொண்ணூறு_ஆயில்:
சொட்டு நிற்பதற்கு வால்வு காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். டப்பா மூடியில் ஊசி முனையளவு காற்றுத் துளை இருக்கும். அது அடைபட்டால் எண்ணெய் இறங்க இறங்க உள்ளே காற்று குறைந்து சொட்டு நின்றுவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள். சொட்டு மறுபடி வந்தால் துளைதான் அடைப்பு. வரவில்லை என்றால் டியூப்பில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி இருந்தால் வால்வை முழுதாகத் திறந்து, குமிழி வெளியேறும் வரை எண்ணெயை ஓடவிட்டு, பிறகு வால்வைச் சரிசெய்யுங்கள்.

நிறுத்தும்போது சொட்டுவது இந்த வகையின் இயல்பு. புவியீர்ப்பில்தானே இறங்குகிறது. வால்வுக்குக் கீழே மூடித் திறக்கும் சின்னக் குழாய் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஸ்காட்ஆயிலர் கம்பெனியின் வெற்றிட வகையில் (இன்ஜினின் உறிஞ்சலால் இயங்குவது) இன்ஜின் ஓடினால்தான் வால்வு திறக்கும், அதனால் இந்தத் தொல்லை இல்லை. கையிலிருப்பதைத் தூக்கிப்போட இது ஒரு காரணம் ஆகாது.

இரும்புக்கால்:
ஓ-ரிங் (இணைப்புகளில் ரப்பர் வளையம்) போட்ட செயினுக்கு இவ்வளவு எண்ணெய் எதற்கு? கிரீஸ் உள்ளேயே அடைத்துத்தானே வருகிறது?

மலைரோடு:
அடைத்திருப்பது இணைப்பின் ஊசிக்கும் (pin) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவில் மட்டும். ரோலருக்கும் ஸ்பிராக்கெட் பல்லுக்கும் அந்த கிரீஸ் வராது. வெளியே துருப்பிடிக்காமலும் ஓ-ரிங் காய்ந்து வெடிக்காமலும் இருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். படலம் போதும், குளிப்பாட்ட வேண்டாம்.

கோவை411:
நன்றி அண்ணா. முனையை மாற்றிவிட்டேன். மூடியின் துளையில் தூசி அடைத்திருந்தது, அதையும் எடுத்தாயிற்று. எவ்வளவு சொட்டு வைக்கலாம்? செயினில் பழைய ஸ்பிரே மெழுகு கெட்டியாக ஒட்டியிருக்கிறதே, அதன் மேலேயே விடலாமா?

மலைரோடு:
மெழுகு இருந்தால் எண்ணெய் உள்ளே போகாது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுக் கழுவித் துடையுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஓ-ரிங்குக்கு ஆகாது.

நிமிடத்துக்கு ஒரு சொட்டில் ஆரம்பியுங்கள், இரண்டைத் தாண்ட வேண்டாம். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரோலரை விரலால் தொட்டால் மெல்லிய கறை ஒட்ட வேண்டும். ரிம்மில் புள்ளி விழுந்தால் குறையுங்கள்.

தொண்ணூறு_ஆயில்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சூட்டில் ஆயில் இளகும். ஊட்டிக் குளிரில் சரியாக வைத்த வால்வு, மேட்டுப்பாளையம் இறங்கி மத்தியான வெயிலில் வந்ததும் அதிகமாக ஊற்றும். இறங்கியதும் ஒரு தடவை சொட்டை எண்ணிப் பார்த்து வால்வைக் கொஞ்சம் இறுக்குங்கள். மழையில் ஓட்டினால் தண்ணீர் அலசிவிடும், அப்போது சற்றுக் கூட்டலாம்.

கோவை411:
வால்பாறை போய் வந்தேன். ரிம் சுத்தமாக இருக்கிறது, ரோலர்களில் மெல்லிய கறுப்புப் படலம். குழாயை மூடி நிறுத்தினால் தரையிலும் திட்டு இல்லை. செயினின் உட்பக்கத் தகடு மட்டும் இன்னும் கொஞ்சம் வறட்சியாகத் தெரிகிறது.

மலைரோடு:
ஒற்றை முனைக்கு அது சகஜம். ரோலர் வழியாக மறுபக்கம் பரவக் கொஞ்சம் தூரம் ஓட வேண்டும். அடுத்த பயணத்துக்குப் பிறகும் காய்ந்தே இருந்தால் இரண்டு பக்கமும் சொட்டும் கவட்டை முனை வாங்கிப் போடுங்கள்.