மறு: ‘சுவாச மனச்சோர்வு’: வேறு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்கள் என்று நினைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு வீடாகப் போகும் பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) குழுவில் இருக்கிறேன். இங்கே பாதிப் பேருக்கு மேல் வீட்டுப் பேச்சு தமிழ்தான். ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற கடும் வலி மருந்துகள்) பாதுகாப்பு, ஊசி வழியாகப் பரவும் தொற்று இரண்டுக்கும் சேர்த்து ஒரு பக்க அறிவிப்பு தமிழில் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவில் ஒரு மாவட்டச் சுகாதாரத் துறை போட்ட நோட்டீஸை மாதிரிக்கு எடுத்துக் கணினியில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். ‘respiratory depression’, அதாவது மூச்சு குறைந்துபோவது, ‘சுவாச மனச்சோர்வு’ என்று வந்தது. மூச்சுக்கு என்ன மனக்கவலை? சிரித்துவிட்டு விட்டுவிடவும் முடியவில்லை. அந்தத் தாளில் உயிர் காப்பது அந்த ஒரு சொல்தான்.

> மூச்சுத்திணறல் என்றே எழுதலாமே, எல்லாருக்கும் தெரியும்.

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல், ஐயா. திணறுகிறவர் தவிப்பார், எழுந்து உட்காருவார், ஜன்னலைத் திறக்கச் சொல்வார். ஓபியாய்டு அளவு மிஞ்சினால் இதில் ஒன்றும் நடக்காது. இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போது ‘மூச்சு விடு’ என்று விரட்டுவது மூளைத்தண்டு. மருந்து அதையே அசமந்தமாக்கிவிடுகிறது. அதனால் தவிப்பே தெரியாமல் மூச்சு குறைந்துகொண்டே போகும். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அது எட்டாகும், ஐந்தாகும். பார்ப்பவருக்கு ஆள் அசந்து தூங்குகிற மாதிரிதான் இருக்கும், குறட்டையோடு.

எங்கள் ஊரில் இது இன்னும் ஆபத்து. சித்தூர் வட்டம் கள்ளுக்குப் பேர்போனது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குடித்துவிட்டுத் திண்ணையில் கிடப்பவனை எழுப்பக் கூடாது, தூங்கித் தெளியட்டும் என்பது எல்லா வீட்டிலும் பழகிப்போன பாடம். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட பையனையும் அதே திண்ணையில் அப்படியே விட்டுவிடுவார்கள்.

> மூச்சடக்கம்?

அது முத்துக் குளிப்பவரும் யோகியும் தானாகச் செய்வது. இங்கே யாரும் அடக்கவில்லை.

> சுவாச ஒடுக்கம். மருத்துவப் பாடநூல் நடைக்குப் பொருந்தும்.

பாடநூலுக்குச் சரி. எங்கள் அறிவிப்பு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்போவது.

என் பங்குக்கு ஒன்று வைக்கிறேன்: மூச்சுமந்தம். மந்தம் என்றால் வேகம் குறைந்தது, மழுங்கியது. மலையாளத்திலும் அதே சொல் அதே பொருளில் இருக்கிறது. எல்லையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் பார்க்க ஒன்றாக இருக்கும் சொற்களே எங்களைக் கவிழ்க்கின்றன. மலையாளத்தில் மயக்குமருந்து என்றால் போதைப்பொருள். தமிழில் மயக்க மருந்து ஆபரேஷனுக்குக் கொடுப்பது. ஒரு வீட்டில் வாய்ப் புற்றுநோயோடு தாத்தா ஒருவர், வலிக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை. மருமகள் எங்கேயோ மலையாள நோட்டீஸ் ஒன்றைப் படித்துவிட்டு, “இது மயக்குமருந்தாமே, போலீஸ் வருமா?” என்று மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். தாத்தாவுக்கு இரண்டு இரவு தூக்கமில்லை. அதனால்தான் ‘போதை மருந்து’ என்று எழுதவே கூடாது என்கிறேன். ஓபியாய்டுக்கு அபினிப்போலி என்று ஒருவர் சொன்னார். ஆல்கலாய்டுக்குச் சொல்லும் காரப்போலி போல அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் ‘போலி’ வந்தால் ஜனம் கள்ள மருந்து என்றுதான் படிக்கும். ஓபியாய்டு அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ‘மார்ஃபின், டிரமடால், டாபென்டடால் போன்றவை’ என்று போட்டுவிடலாம்.

> ஓபியாய்டு அளவு மிஞ்சியவருக்குக் கொடுக்கும் நலாக்சோனுக்கு விஷமுறிவு மருந்து?

இதில் எனக்குத் தயக்கம். நலாக்சோன் ஓபியாய்டை அழிப்பதில்லை. மூளையில் அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்காரும், அவ்வளவுதான். அதுவும் 30 முதல் 90 நிமிடம். மெதடோன் மாதிரி நெடுநேரம் நிற்கும் மருந்தாக இருந்தால் நலாக்சோன் இறங்கியதும் மூச்சு மறுபடி மந்தமாகும். முறிந்துவிட்டது என்று நம்பி ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தால் என்ன ஆகும்? ‘மூச்சுமீட்பு மருந்து’ பரவாயில்லை. அமெரிக்க நோட்டீஸில் இதை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், 2023இல் அங்கே மருந்துச் சீட்டில்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. அந்தப் பத்தியை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. எங்களுக்கு 108தான்.

தொற்றுப் பகுதியில் பெரிய சண்டை இல்லை. ‘ஊசி மாற்றுத் திட்டம்’ என்றால் ஊசிக்குப் பதில் மாத்திரை என்று புரிந்துகொள்கிறார்கள். ‘பழைய ஊசிக்குப் புது ஊசி’ என்றே எழுதிவிட்டேன், பாத்திரக்காரர் பழசுக்குப் புதுசு கொடுக்கிற மாதிரி. ஊசி மட்டுமில்லை, மாத்திரை கரைக்கும் மூடியையும் பஞ்சையும் பகிர்ந்தாலும் ஹெபடைட்டிஸ் சி (கல்லீரல் தொற்று) ஒட்டும் என்பதையும், பெரும்பாலோருக்கு அது 12 வார மாத்திரையில் குணமாகும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து,
உங்கள் தங்கை

—

தங்கைக்கு,

மூச்சுமந்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் மந்தம் என்றதும் எங்கள் உடுமலைப் பக்கம் வயிற்று மந்தம்தான் ஞாபகம் வரும். ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். மூச்சுத்தளர்ச்சி என்றால் என்ன?

—

அண்ணா,

நேற்று இரண்டையும் தாளில் எழுதி டீக்கடையில் காட்டினேன். மூச்சுத்தளர்ச்சிக்கு, “வயசானா அப்படித்தான்” என்றார் ஒருவர். மூச்சுமந்தத்துக்கு, “மூச்சு இழுக்கறது கம்மியாகுது, அதானே?” என்றார் இளநீர் வண்டிக்காரர். இன்னொருவர் ஆஸ்துமாவா என்று கேட்டார், அதையும் மறைக்கவில்லை. அதனால் சொல்லைத் தனியாக விடாமல் அடையாளங்களோடு போடுகிறேன். கண் பாவைக்குத் தமிழ்ச் சொல் எழுதினால் இங்கே விழிக்கிறார்கள், மலையாளக் கிருஷ்ணமணிதான் புரிகிறது. அடைப்புக்குறியில் அதுவும் இருக்கும், தூயதமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். அச்சுக்குப் போகும் வரிகள் இவை:

தட்டியும் எழவில்லை. குறட்டை அல்லது களகளச் சத்தம். உதடு நீலம். கண் பாவை (கிருஷ்ணமணி) ஊசிமுனை போல் சிறியது. இது மூச்சுமந்தம். வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விடாதீர்கள்.

ஒற்றுப்பிழை இருந்தால் நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.